பனி விலகும் சரிவுகள்

நுழையும்முன்

ஓர் ஊரின் பிழைப்பு ஒரே ஒரு பருவத்தை நம்பியிருக்கிறது. அந்தப் பருவமே மெல்ல விலகத் தொடங்குகிறது. அவ்வூர் என்ன செய்ய வேண்டும்? ஐரோப்பாவின் தாழ்ந்த மலைச்சரிவுகளில் உள்ள பனிச்சறுக்குத் தலங்கள் இன்று இவ்வினாவை எதிர்கொண்டு நிற்கின்றன. அவை எடுக்க வேண்டிய முடிவு குறித்த ஒரு கருத்து இப்பாடத்தில் முன்வைக்கப்படுகிறது.

2020ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள். பிரான்சையும் ஸ்பெயினையும் பிரித்து நிற்கும் பிரனீஸ் மலைத்தொடரில் லுஷோன்-சூப்பர்பான்யேர் என்னும் பனிச்சறுக்குத் தலம் உள்ளது. பள்ளி விடுமுறைக் காலமாகையால் குழந்தைகளோடு பல குடும்பங்கள் அங்கு வந்து தங்கியிருந்தன. ஆனால், சறுக்கப் பழகுவோருக்கென ஒதுக்கப்பட்ட கீழ்ச்சரிவுகளில் பனி போதவில்லை. தலத்தை நடத்துவோர் ஹெலிகாப்டர் ஒன்றை வரவழைத்தனர். மலையின் மேற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 50 டன் பனி அள்ளப்பட்டுக் கீழ்ச்சரிவுகளில் கொட்டப்பட்டது.

செய்தி பரவியதும் பிரான்சு முழுவதும் கண்டனம் எழுந்தது. எரிபொருளை எரித்துப் புவியைச் சூடாக்கி, அந்தச் சூட்டால் உருகிய பனிக்கு ஈடுசெய்ய மீண்டும் எரிபொருளை எரிப்பதா என்று பலரும் வினவினர். சுற்றுச்சூழல் அமைச்சரும் அச்செயலை ஏற்கவில்லை. தலத்தை நடத்துவோரும் தம் பக்கத்து நியாயத்தைக் கூறினர். அந்தச் சரிவு மூடப்பட்டால் பயிற்றுநர், கம்பிவடம் இயக்குவோர், உணவகப் பணியாளர் எனப் பலரும் அந்த விடுமுறைக்கால வருவாயை இழப்பர் என்றனர். இரு தரப்பார் கூற்றிலும் பொய் இல்லை. சிக்கலின் வேர் அங்குதான் இருக்கிறது.

தமிழில் பனி என்னும் சொல் வேறோர் உணர்வைத் தருவது. முன்பனி, பின்பனி எனப் பெரும்பொழுதுகள் இரண்டிற்குப் பெயர் தந்த பனி, மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியாகும். கதிரவன் சற்றே மேலெழுந்தால் அது மறைந்துவிடும். இங்குப் பேசப்படும் பனியோ வானிலிருந்து வெண்பஞ்சு போல் விழுந்து, தரையில் முழங்கால் அளவு குவிந்து, திங்கள் கணக்கில் கிடப்பது. அது கிடக்கும் நாள்களின் எண்ணிக்கையே ஒரு மலையூரின் ஆண்டு வருமானத்தை முடிவு செய்கிறது.

மாட்டுத் தொழுவமும் கம்பிவடமும்

ஐரோப்பாவின் நடுவே பிரான்சு முதல் ஸ்லோவேனியா வரை வளைந்து கிடக்கும் ஆல்ப்ஸ் மலைத்தொடரில், நூறாண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த சிற்றூர் மக்களுக்குப் பனி ஒரு சுமை. கோடையில் அவர்கள் மாடுகளை மேட்டுப் புல்வெளிகளுக்கு ஓட்டிச் செல்வர். பாலைப் பாலாடைக்கட்டியாக்கி விற்பர். குளிர்காலம் வந்துவிட்டால் நிலத்தில் வேலையிராது. பிரான்சின் சவோய்ப் பகுதியிலிருந்து ஏழைக் குடும்பத்துச் சிறுவர்கள் குளிர்காலந்தோறும் தொலைவிலுள்ள நகரங்களுக்குச் சென்று, வீடுகளின் புகைபோக்கிகளுக்குள் ஏறிக் கரியைச் சுரண்டிப் பிழைத்தனர் என்பது அந்நாட்டு வரலாறு.

அந்தப் பனியே பணமாக மாறியது இருபதாம் நூற்றாண்டில். 1924இல் ஆல்ப்ஸ் மலையூராகிய ஷமோனியில் முதல் குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றன. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஊதியத்துடன் கூடிய விடுமுறையும் சொந்த மகிழுந்தும் நடுத்தர மக்களுக்கும் கிடைத்தன. 1960களில் பிரெஞ்சு அரசு உயரமான மலைகளில் பெரும் சறுக்குத் தலங்களைத் திட்டமிட்டுக் கட்டியது. அதே காலத்தில், தாழ்ந்த மலைகளிலுள்ள சிற்றூர்களும் வாளாவிருக்கவில்லை. ஊராட்சிப் பணத்தில் ஒரு மோட்டார், வரிசையாகச் சில கம்பங்கள், அவற்றின்மீது ஓடும் ஒரு கம்பிவடம் ஆகியவற்றை அமைத்தன. சறுக்குவோர் அந்த வடத்தைப் பற்றிக்கொண்டு மேலே செல்வர்; சறுக்கிக் கீழே வருவர். ஒரு சிற்றூர்ச் சறுக்குத்தலத்திற்கு அவ்வளவே போதும்.

அந்த எளிய கம்பிவடம் ஊரின் வாழ்வையே மாற்றியது. கோடையில் மாடு வளர்த்தவரே குளிர்காலத்தில் வடத்தை இயக்கும் பணியாளரானார். அவர் வீட்டு மாடியறை வாடகைக்கு விடப்பட்டது. நகருக்குக் குடிபெயர இருந்த இளையோர் ஊரிலேயே தங்கினர். அவர்கள் தங்கியதால் ஊர்ப்பள்ளியும் அஞ்சலகமும் நிலைத்தன. சறுக்கு விளையாட்டு செல்வர்களின் பொழுதுபோக்கு, அது ஒழிந்தால் யாருக்கு என்ன இழப்பு என்று சிலர் பேசுவதுண்டு. தாழ்ந்த தலங்களின் வரலாறு அறியாதவர் பேச்சு அது. பெரும்பணம் செலவழித்து உயர்ந்த தலங்களுக்குச் செல்ல இயலாத குடும்பங்களின் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்தில் வந்து சறுக்கப் பழகியது இச்சரிவுகளில்தான்.

மேலேறும் கோடு

மலையில் ஒவ்வொரு 100 மீட்டர் உயரத்திற்கும் காற்றின் வெப்பம் சராசரியாக 0.65 பாகை செல்சியஸ் குறைகிறது. இதனைத் தலைகீழாகக் கணக்கிட்டால் நிலைமை விளங்கும். வெப்பம் 1 பாகை உயர்ந்தால், பனி நிலைத்து நிற்கும் எல்லைக்கோடு ஏறத்தாழ 150 மீட்டர் மேலே நகரும். 1,000 மீட்டரில் பெய்யவேண்டிய பனி மழையாகப் பெய்யும். அந்த மழை, முன்பு விழுந்து கிடந்த பனியையும் கரைத்துவிடும். வெண்பனி கதிரொளியைத் திருப்பி அனுப்பும் இயல்புடையது. அது கரைந்து கருநிலம் வெளிப்பட்டதும் நிலம் அவ்வொளியை உறிஞ்சிச் சூடாகிறது. சுற்றிலுமுள்ள பனி மேலும் விரைவாக உருகுகிறது. ஆல்ப்ஸ் மலைப்பகுதியோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஏறத்தாழ 2 பாகை வெப்பம் கூடியுள்ளது. உலக சராசரியைப் போல் இஃது ஏறக்குறைய இருமடங்காகும்.

100 நாள்களுக்குக் குறைந்தது 30 சென்டிமீட்டர் பனி கிடந்தால்தான் ஒரு சறுக்குத்தலம் வருவாய் ஈட்ட முடியும். பத்துக் குளிர்காலங்களில் ஏழிலேனும் இந்நிலை அமைய வேண்டும் என்பது இத்துறையினர் கையாளும் ஓர் அளவுகோல். பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2007இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வளவுகோலைக் கொண்டு ஆல்ப்சின் 666 சறுக்குப் பகுதிகளை மதிப்பிட்டது. அப்போது 609 பகுதிகளுக்கு இயற்கைப் பனி போதுமானதாக இருந்தது. வெப்பம் மேலும் 1 பாகை கூடினால் அவ்வெண்ணிக்கை 500 ஆகும். 2 பாகை கூடினால் 404. 4 பாகை கூடினால் 202. முதலில் வீழ்வன தாழ்ந்தவையே.

தாழ்ந்தவை என்பதற்கு எல்லா மலைக்கும் பொதுவான ஓர் எண் இல்லை. நிலநடுக்கோட்டிற்கு அருகில் வர வர, பனிக்கோடு இயல்பாகவே உயரத்தில் அமையும். காஷ்மீரின் குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயினும், 2024 சனவரியில் பல வாரங்கள் அதன் சரிவுகள் வெறுமையாகக் கிடந்தன. 2025 பிப்ரவரியில் அங்கு நடைபெறவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமையால் தள்ளிவைக்கப்பட்டு மார்ச்சில் நடத்தப்பட்டன. குல்மார்க்கின் சிக்கல் தனியே ஆராயத்தக்கது. இங்குச் சுட்டவேண்டியது ஒன்றே: உயரம் மட்டுமே காப்பு எனக் கருத இடமில்லை.

எந்திரம் தரும் பனி

மழை பொய்த்தால் கிணறு வெட்டுவது போல, பனி பொய்த்தால் பனியை உண்டாக்கிக்கொள்ளலாமே என்ற எண்ணம் புதிதன்று. 1949-50 குளிர்காலத்தில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் பனி குறைந்தது. அங்குச் சறுக்குப் பலகைகள் செய்து விற்ற சிறு நிறுவனம் ஒன்றின் விற்பனை சரிந்தது. அதன் பொறியாளர் மூவர், வண்ணம் தெளிக்கும் கருவியின் காற்றழுத்தியையும் ஒரு நீர்க்குழாயையும் இணைத்து, உறைகுளிரில் நீரைத் துளித்துளியாகச் சிதறடித்தனர். துளிகள் தரையைத் தொடுமுன் உறைந்தன. அன்று பிறந்த எந்திரம் இன்று மலைகளெங்கும் நிற்கிறது. இத்தாலியின் சறுக்குச் சரிவுகளில் பத்தில் ஒன்பது பங்கு இத்தகைய எந்திரங்களை நம்பியுள்ளது. 2022இல் பெய்ஜிங்கில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக் விளையாட்டுகள் ஏறக்குறைய முழுவதும் எந்திரப் பனியிலேயே நடந்தன.

ஆயின், இந்த எந்திரத்திற்குள் ஒரு முரண் உள்ளது. அது பனியைத் தரும், குளிரைத் தராது. காற்று ஈரமின்றி உலர்ந்திருக்கும்போதும் வெப்பம் உறைநிலைக்கு ஓரிரு பாகை கீழே இருத்தல் வேண்டும். ஈரக்காற்று வீசினால் இன்னும் கூடுதலான குளிர் வேண்டும். எனவே, எங்கே பனி மிகவும் தேவைப்படுகிறதோ, அங்கே, அதாவது மிதமான குளிருள்ள தாழ்ந்த சரிவுகளில், எந்திரம் இயங்கக்கூடிய இரவுகள் ஆண்டுக்காண்டு குறைகின்றன. உயர்ந்த தலங்களுக்கு அது நல்ல ஊன்றுகோல்தான். தாழ்ந்த தலத்தார் அதனை வாங்கும்போது, பெரும்பாலும் கடனையே வாங்குகின்றனர். 2023 சனவரி முதல் வாரத்தில் ஐரோப்பா முழுவதும் வழக்கத்திற்கு மாறான வெப்பம் நிலவியது. சுவிட்சர்லாந்தின் அடல்போடன் ஊரில் அப்போது உலகக்கோப்பைப் போட்டி நடைபெற்றது. பழுப்பும் பச்சையுமாய்க் கிடந்த மலைச்சரிவின் நடுவே வெள்ளைத்துணி விரித்தாற்போல் ஒரு கீற்று எந்திரப் பனி. அதில் வீரர்கள் சறுக்கினர். போட்டி நடந்தேறிவிட்டது. அத்தகைய ஒரு கீற்றைக் காண்பதற்காக ஒரு குடும்பம் ஒரு வாரம் அறை எடுத்துத் தங்குமா என்பதே ஊரார் எண்ணிப்பார்க்க வேண்டியது.

நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 30 சென்டிமீட்டர் எந்திரப் பனி விரிக்கக் குறைந்தது 10 இலட்சம் லிட்டர் நீர் தேவை. மலையோடைகளில் நீர்வரத்து மிகக் குறைவாக இருக்கும் காலமும் குளிர்காலமே. நீரெல்லாம் உயரத்தில் பனியாக உறைந்திருக்கும். ஆகவே, நீரைத் தேக்கிவைக்க மலைமேல் குளங்கள் வெட்டப்படுகின்றன. பிரான்சின் லா குளூசா ஊரில் 1,48,000 கன மீட்டர் கொள்ளளவுடன் திட்டமிடப்பட்ட அத்தகைய குளத்தை எதிர்த்து மக்கள் போராடினர். 2022 அக்டோபரில் நீதிமன்றம் அத்திட்டத்தை நிறுத்திவைத்தது. குடிநீரும் சறுக்குநீரும் ஒரே ஓடையில் போட்டியிடும் காலம் வந்துவிட்டதை அவ்வழக்கு காட்டிற்று.

காத்திருத்தலின் விலை

எந்திரத்தை நம்பாத ஊர்கள் பல, நல்ல ஆண்டினை நம்பிக் காத்திருக்கின்றன. வெப்பம் ஏறும் பாதை நேர்கோடன்று. இடையிடையே கடும்பனிக் குளிர்காலம் ஒன்று வரத்தான் செய்யும். அவ்வாறு வந்ததும், பழைய நாள்கள் திரும்பிவிட்டன என்ற நம்பிக்கை துளிர்க்கும். புதிய கடனும் கையெழுத்தாகும். ஒரு நாற்காலி வடத்தை அமைத்தால் அதன் விலையைத் திரும்ப ஈட்ட இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். பனியோ அத்தனை ஆண்டுகள் காத்திருக்கப் போவதில்லை.

பிரான்சின் லா சாம்புயி என்னும் சிறு தலத்தில் முன்பு திசம்பர் முதல் மார்ச் வரை சறுக்கு நடந்தது. இறுதி ஆண்டுகளில் அது சில வாரங்களாகச் சுருங்கியது. இழப்பைத் தாங்க முடியாமல் 2023இல் ஊராட்சி அதனை மூட முடிவெடுத்தபோது ஊர் இரண்டுபட்டது, வழக்கும் தொடரப்பட்டது. முடிவைக் கடைசி நாள்வரை தள்ளிப்போட்டால், அதனை எடுக்கும் நேரத்தில் கையில் பணமும் இராது. ஊரில் ஒற்றுமையும் இராது.

மெத்தாபியேஃப் வேறு வழியில் சென்றது. பிரான்சு-சுவிட்சர்லாந்து எல்லையில் உள்ள ஜூரா மலைத்தொடரில் 900 மீட்டருக்கும் 1,460 மீட்டருக்கும் இடையே அமைந்த தலம் அது. பழுதடைந்துவரும் நாற்காலி வடங்களை மாற்றப் பெருந்தொகை செலவிட வேண்டிய நிலை ஏற்பட்டபோது, அதனை நடத்துவோர் முதலில் காலநிலை ஆய்வொன்றை மேற்கொண்டனர். 2030 முதல் 2035க்குள் மலைச்சரிவுச் சறுக்கை நிறுத்த வேண்டிவரும் என்று அவ்வாய்வு காட்டிற்று. அவர்கள் புதிய வடங்களை வாங்கவில்லை. இருப்பவற்றைப் பழுதுபார்த்து, இயன்றவரை ஓட்டி, இடைப்பட்ட ஆண்டுகளில் மாற்றுத் தொழில்களை வளர்ப்பதென முடிவு செய்து அதனை வெளிப்படையாக அறிவித்தனர். வருவாய் இருக்கும்போதே முடிவைக் குறித்துக்கொண்டதால் பணியாளர்களுக்கு வேறு பணி தேடிக்கொள்ளக் காலம் கிடைத்தது. திட்டமிட்டபடி எல்லாம் நடந்தேறும் என்று எவரும் உறுதிகூற இயலாது. ஆயினும், தாழ்ந்த தலங்களுக்கு ஏற்ற வழி இதுவே.

மாற்றுத் தொழில் என்றதும் கோடைச் சுற்றுலா, மலையேற்றம், மலை மிதிவண்டி என்று பட்டியலிடுவது எளிது. அவை பனிச்சறுக்கின் வருவாய்க்கு ஈடாகும் என்று சொல்வது மக்களை ஏமாற்றுவதாகும். இதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. 2020-21 குளிர்காலத்தில் பனி நன்றாகப் பெய்தது. ஆனால், கொரோனாப் பெருந்தொற்றை முன்னிட்டுப் பிரெஞ்சு அரசு கம்பிவடங்கள் அனைத்தையும் அந்தப் பருவம் முழுவதும் நிறுத்தியது. வடமில்லாத மலைக்கு யார் வருவார் என்றே பலரும் எண்ணினர். மக்கள் வந்தனர்! பனிக்காலணி கட்டி நடந்தனர். சமவெளிச் சறுக்கில் ஈடுபட்டனர். அவ்வகைச் சறுக்குத் தடங்களில் அந்த ஆண்டு கூட்டம் நிரம்பி வழிந்தது. எனினும், மலையூர்களின் மொத்த வருவாய் பெரிதும் வீழ்ந்தது. அரசின் இழப்பீடே வடம் நடத்துவோரைக் காத்தது. வடமின்றியும் ஊர் வாழும், முன்போல் செழிக்காது. இவ்விரு உண்மைகளையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

பொதுப்பணம் எங்கே செல்ல வேண்டும்?

தாழ்ந்த தலங்கள் பலவற்றின் இழப்பை ஊராட்சியும் மாவட்டமும் மக்கள் வரிப்பணத்தால் ஈடுசெய்கின்றன. இப்பணத்தின் பயன்பாடே முதன்மையான வினா. பிரான்சில் அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. எந்திரப் பனி பகுதியளவிலான, தற்காலிகமான பாதுகாப்பே என்றும், 2050க்குப் பின்னும் சறுக்கைத் தொடரும் நம்பிக்கை ஒரு சில தலங்களுக்கே உண்டு என்றும் அது கூறியது. மலையூர்த் தலைவர்கள் பலர் அவ்வறிக்கையைக் கடிந்துரைத்தனர். பாரிசில் அமர்ந்துகொண்டு மலைக்குத் தீர்ப்பு எழுதுகிறார்கள் என்ற அவர்களது சினம் புரிந்துகொள்ளத்தக்கது. எனினும், கணக்கு பாரிசில் போட்டாலும் மலையில் போட்டாலும் விடை மாறுவதில்லை.

ஒரு தாழ்ந்த தலத்திற்குப் புதிய பனி எந்திரம் வாங்கப் பொதுப்பணம் தருதல் கூடாது. அதே பணத்தைக் கொண்டு அந்த ஊரின் பழைய கடனை அடைக்கலாம். நாற்பது வயதில் வேலையிழக்கும் வடம் இயக்குநருக்கு வேறு தொழில் கற்பிக்கலாம். பேருந்து வசதி செய்து, தாழ்ந்த ஊர்களின் பிள்ளைகள் உயர்ந்த தலத்தில் சலுகைக் கட்டணத்தில் சறுக்கப் பழக வழிசெய்யலாம். இல்லையேல் இவ்விளையாட்டு உண்மையிலேயே செல்வர்க்கு மட்டும் உரியதாகிவிடும். முடிவெடுக்கும் உரிமையை மட்டும் ஊராரிடமே விடவேண்டும். 2024இல் ஆல்ப்சின் சேன் ஊராட்சி, தன் எல்லைக்குட்பட்ட கிராண் புயி தலத்தைத் தொடர்வதா மூடுவதா என்பதை மக்கள் வாக்கெடுப்பிற்கு விட்டது. பெரும்பான்மையோர் மூடுவதற்கே வாக்களித்தனர். தம் பிள்ளைகள் சறுக்கப் பழகிய சரிவை மூடுவதற்கு வாக்களிப்பது எளிதன்று. கணக்கைத் திறந்து காட்டினால் மக்கள் கடினமான முடிவையும் எடுப்பர் என்பதற்கு அவ்வூர் சான்று.

மூடிய பின்னும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது. பிரான்சில் கடந்த சில பத்தாண்டுகளில் 180க்கும் மேற்பட்ட சறுக்குத் தலங்கள் மூடப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை சிறியவை. பனியின்மையுடன் கடனும் போட்டியும் சேர்ந்து அவற்றை வீழ்த்தின. பல இடங்களில் துருவேறிய கம்பங்களும் அறுந்து தொங்கும் வடங்களும் அப்படியே நிற்கின்றன. சேன்-ஃபிர்மேன் என்னும் ஊரில் 1964இல் நிறுவப்பட்டு, பல்லாண்டுகளாக ஓடாமல் நின்ற இழுவை வடத்தை 2022இல் மலைப்பாதுகாப்புத் தன்னார்வலர்கள் தம் கைகளாலேயே கழற்றிக் கீழே இறக்கினர். பயன்பாடு முற்றிலும் நின்ற வடத்தை மூன்று ஆண்டுகளுக்குள் அகற்ற வேண்டும் என 2016 திசம்பரில் இயற்றப்பட்ட மலைச்சட்டம் ஆணையிடுகிறது. ஆனால், அச்சட்டத்திற்கு முன்பே அமைக்கப்பட்ட பழைய வடங்களை அது கட்டுப்படுத்தாது. தாழ்ந்த சரிவுகளில் நிற்பவை பெரும்பாலும் அத்தகைய பழையனவே. அவற்றை அகற்றும் செலவை ஊராட்சி ஏற்பதா, அரசு ஏற்பதா என்பதை, கடைசிக் கம்பிவடம் நிற்பதற்கு முன்பே எழுத்தில் முடிவு செய்தாக வேண்டும்.